சூப்பி என்று சிரித்த மாஸ்டர்

எங்கள் கல்லூரியில் குத்துச்சண்டை பழக்கிய மாஸ்டரைப் போல ஒரு வெற்று மனிதரை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. கொழும்பில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தவர். மீசையை மெழுகு பூசி முறுக்கியிருப்பார். எங்கள் முன்னால் ஆண்மையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். கல்லூரி அதிபர் வந்துவிட்டால் தொப்பியைக் கழற்றி முதுகையும் வளைத்துக்கொள்வார். இரண்டாவது உலகப் போர் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, என் பதினான்காவது வயதில், மேல்வாய் முன்பற்கள் இரண்டை இந்த மனிதரின் வீம்புக்கு இழந்தேன்.

நான் அளவெட்டிக் கிராமத்திலிருந்து வந்து, கல்லூரி என்று பெயர்கொண்ட அந்தப் பள்ளிக்கூடத்தின் விடுதியில் தங்கியிருந்தேன். வகுப்பில் என் பக்கத்தில் இருந்த நண்பன் குருநகர்க் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளை. இருவரும் ஒரே எடை என்பதால் பயிற்சியில் எங்களைத்தான் சோடி சேர்ப்பார்கள். ஒருநாள் என் குத்தில் அவன் உதடு கிழிந்தது. அவனுடைய தாய் வீடு வீடாக மீன் கொண்டுபோய் விற்பவர். பட்டினத்தில் அவரிடம் மீன் வாங்கிய பறங்கிப் பல் வைத்தியர் ஒருவரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். சண்டைக்காரர்கள் பல்லை மூடி ஒன்றைப் போடுவார்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, செய்து தருகிறேன் என்றாராம் வைத்தியர். அந்த அம்மா தன் மகனோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மகனின் உதட்டைக் கிழித்தவன் நான் என்பது அவருக்குத் தெரியும்.

வெந்நீரில் போட்டால் இளகி, ஆறினால் இறுகும் மரப்பால் துண்டு அது. வைத்தியர் அதை எங்கள் பல்வரிசையில் வைத்து அழுத்திக் கடிக்கச் சொன்னார். ஓரங்களை வெட்டி மினுக்கிக் கொடுத்தார். வாயில் கிடந்தால் வீணீர் வடியும், பேச்சுக் குழறும். ஆனால் அன்று மாலை நண்பன் என் தாடையில் ஓங்கிக் குத்தியும் பல் ஆடவில்லை.

மறுநாள் மாஸ்டர் கண்டுவிட்டார். நண்பனின் வாயிலிருந்ததைக் கழற்றச் சொல்லி, கைலேஞ்சித் துணியால் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

"குழந்தைப்பிள்ளையள் வாயிலை வைக்கிற சூப்பி. ஆம்பிளையள் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிப்பினம்."

முழு வகுப்பும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என்னுடையதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். நண்பன் தன்னுடையதை வாங்கிக் கழுவி மறுபடியும் வாயில் வைத்தான். வரவிருந்த போட்டிக்கான பட்டியலிலிருந்து அவன் பெயரை அன்றே மாஸ்டர் வெட்டினார்.

போட்டியன்று பெரிய மனிதர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். என்னோடு மோதியவன் என்னைவிட நெடியவன். இரண்டாவது சுற்றில் அவன் குத்து வாயின் நடுவில் விழுந்தது. ஒரு பல் நாக்கில் கிடந்தது. மற்றது பாதி முறிந்து நின்றது. மாஸ்டர் மேடையோரம் வந்து, இரத்தத்தை விழுங்கு, துரைமார் பார்க்கினம் என்றார். விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான கீழ்ப்படிதல் அது.

அடுத்த நாள் நண்பனின் தாய் மீன் கடகத்தை வெளியே வைத்துவிட்டுக் கல்லூரி வாசலில் நின்றார். காவற்காரன் உள்ளே விடவில்லை. ஆட்கள் கூடியதும் மாஸ்டர் வந்தார்.

"மாஸ்டர், உங்கடை வாயிலை பல்லெல்லாம் கிடக்குது. இந்தப் பிள்ளைக்கு இனி முளைக்குமோ?"

மீன் விற்கிறவர்கள் தனக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்றார் அவர். பிறகு வீங்கிய வாயோடு நின்ற என் பக்கம் திரும்பி, உனக்கு ஏதும் முறைப்பாடு இருக்கிறதா என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை, சேர்" என்றேன்.

அந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கடகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் தகப்பனாருக்கு மாஸ்டர் எழுதிய கடிதத்தில், சொல்லிக்கொடுத்தபடி வாயை மூடாமல் நின்றது பையனின் பிழை என்றிருந்தது. தகப்பனார் அதை நம்பினார். படித்தவர் எழுதினால் அவருக்கு எல்லாம் உண்மை.

சில மாதங்கள் கழித்துப் பட்டினத்தில் மாஸ்டரே ஒரு பொலிஸ்காரரோடு மோதிக் காட்டினார். எங்களைப் பார்க்க அழைத்துப் போனார்கள். மணி அடிப்பதற்கு முன் அவர் ஒரு சிறிய தகரப் பெட்டியைத் திறந்து, கொழும்பில் வாங்கிய புத்தம்புது றப்பரை எடுத்து வாய்க்குள் பொருத்திக்கொண்டார். அடி பலமாகத்தான் விழுந்தது. ஆனால் பல் ஒன்றும் போகவில்லை.

மறுநாள் பயிற்சியில் நண்பன் எழுந்து நின்றான். "சேர், நேற்று உங்கடை வாயிலை இருந்தது என்ன?"

பெரியவர்களின் அடி பலமானது, அதற்கு அது தேவை என்று ஏதோ சொல்லி மழுப்பினார். நண்பன் கையுறைகளைக் கழற்றித் தான் உட்கார்ந்திருந்த வாங்கில் வைத்தான். நானும் கழற்றினேன். வேறு ஒருவரும் அசையவில்லை. அவர்களைப் பழிக்க எனக்கு வாயில்லை. அவர்களைப் போலத்தானே நானும் சிரித்தேன்.

அதிபர் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது நண்பன் எல்லாவற்றையும் சொன்னான். அதிபருக்குப் பிள்ளைகளின் பல்லைவிடப் பெற்றோரின் முறைப்பாடுகளில் பயம் அதிகம். அதனால், பல்லுக்குக் காப்பில்லாமல் எவரும் மேடையேறக் கூடாது என்று கட்டளையிட்டார்.

அடுத்த ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் அந்தக் காப்பைக் கையில் தூக்கிக் காட்டி, பிள்ளைகளின் பற்களைக் காப்பது ஆசிரியரின் முதற்கடமை, இதைத் தொடக்கத்திலிருந்தே வற்புறுத்தி வந்தவன் நான் என்று மாஸ்டர் பேசினார். குரல்கூட நடுங்கவில்லை. நண்பனின் தாய்க்கு அழைப்பு அனுப்பப்படவில்லை. சபை கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த தகப்பனாரும் தட்டினார்.