அந்த உப்பை நான் நல்லதென்று சொல்லவில்லை

நான் ரெண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் உப்பைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனையிறவு உப்பளத்தில் பதினெட்டு வருசம் வேலை செய்தவள். அதை ஆசையாக நினைத்துச் சொல்லவில்லை. வெடித்த குதிக்காலுக்குள் உப்புத்தண்ணி போனால் எப்படி எரியும் என்று தெரிந்தவர்கள் அதை ஆசையாக நினைக்க மாட்டார்கள். ஆனால் பாத்தியில் கால் வைத்தவுடன் அடியில் சேறு இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா என்று என் கால் சொல்லும். உப்பை வாரலாமா, இன்னும் நாலு நாள் விடவேண்டுமா என்று மேற்பார்வை பார்த்த ஐயாவே என்னைத்தான் கேட்பார். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், என் சொல்லுக்கு ஒரு பெறுமதி இருந்தது என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும்.

நாட்டில் சண்டை தொடங்கின பிறகு மகன் என்னை லண்டனுக்குக் கூப்பிட்டான். சட்டன் என்ற பகுதியில் வீடு. அவன் பஸ் திருத்துகிற இடத்தில் மெக்கானிக். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரர், மனைவி செத்துப் போய்த் தனிய இருந்தவர். சனிக்கிழமை விடிந்தால் மகன் அவருடைய கராஜுக்குள் போய்விடுவான். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் முழங்கை வரைக்கும் கிறீஸோடு வருவான். ஒருநாள் நானும் எட்டிப் பார்த்தேன். நீளமாக, ஒடுக்கமாக, சீலாமீனுக்குச் சில்லுப் பூட்டின மாதிரி ஒரு சாமான் உள்ளே கிடந்தது.

"உதென்ன பிள்ளை?" என்று மருமகளைக் கேட்டேன்.

"கார், மாமி."

"உதுக்குள்ளை ஒரு ஆள் படுக்கத்தானே இடம் கிடக்கு."

"படுத்துக்கொண்டுதான் ஓட்டுறதாம். ரோட்டிலை ஓடாது. அமெரிக்காவிலை பெரிய உப்பு வெளி ஒண்டு இருக்காம். அதிலைதான் ஓடுமாம்."

"உப்புக்கு மேலையோ?"

"ஓம் மாமி. ஆர் கூட வேகம் எண்டு பாக்கிறாங்களாம். ஒரு விசரரை நான் கட்டினன், மற்ற விசரர் பக்கத்து வீட்டிலை."

நான் சிரித்தேன். உப்பு விளைந்தால் வாருவதை விட்டுவிட்டு அதற்கு மேல் கார் ஓட்டுகிற சனமும் உலகத்தில் இருக்கிறதா என்று நினைத்தேன்.

வெள்ளைக்காரர் ஒவ்வொரு வருசமும் கோடை முடிகிற நேரம் அங்கே போவார். மாரியில் அந்த வெளியில் தண்ணி நிற்குமாம். கோடையில் அது வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைத் தரையாக இறுகுமாம். மகனால் போக முடியவில்லை. அகதிப் பத்திரத்தோடு அமெரிக்காவுக்கு விசா கேட்டு ரெண்டு தரம் இல்லை என்று வந்தது. அதனால் காருக்கு ஒரு புது எஞ்சினை இங்கே இவன் செய்ய, அங்கே அவர் ஓட்டுவார் என்று ஏற்பாடு. அது முடியும் வரைக்கும் அவர் பழைய எஞ்சினோடு போய் வந்தார்.

நான் வந்த வருசம் அவர் அங்கேயிருந்து ஒரு உப்புப் பாளம் கொண்டு வந்து எனக்குக் காட்டினார். நாலு விரல் தடிப்பு. விரல் மொழியால் தட்டினேன். ஓட்டில் தட்டினது போலச் சத்தம் வந்தது. நல்ல உப்பு. ஆனால் லண்டன் ஈரத்துக்கு அது மேசையில் வைத்த மூன்றாம் நாளே வேர்க்கத் தொடங்கிவிட்டது. நான் ஒரு பிஸ்கட் பேணியின் அடியில் பச்சையரிசி பரப்பி, பாளத்தைத் துணியில் சுற்றி வைத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் திறந்து பார்த்தால் காய்ந்தபடி இருந்தது. அன்றைக்கிலிருந்து அந்த மனுசனுக்கு என்னில் ஒரு மரியாதை. உப்பளத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் சொல்ல, மகன் இங்கிலீசில் சொல்வான். டொக்டரிடம் போனாலும், கவுன்சிலுக்குப் போனாலும் என் வாய் அவன்தான். பெற்ற பிள்ளை இருக்க வேறு ஆளைத் தேடுவது வெட்கக்கேடு என்று நினைத்த காலம்.

பிறகு வந்த பாளங்கள் வரவர மெலிந்தன. ஒரு வருசம் தண்ணி வற்றவில்லை என்று ஓடாமலே திரும்பி வந்தார். இன்னொரு வருசம் கொண்டு வந்தது ரெண்டு விரல் தடிப்புத்தான். கீழ்ப்பக்கம் சாம்பல் நிறத்தில் சேறு ஒட்டியிருந்தது. நாக்கில் வைத்தேன். முதலில் உப்பு, பின்னால் ஒரு கசப்பு.

"உந்த வெளிக்குப் பக்கத்திலை என்ன இருக்கு எண்டு கேள்," என்று மகனுக்குச் சொன்னேன்.

ஒரு தொழிற்சாலை இருக்கிறதாம். வாய்க்கால் வெட்டி அடித்தண்ணியை இழுத்து, அதிலிருந்து பயிருக்குப் போடுகிற உரத்துக்கு வேறொரு உப்பு எடுக்கிறார்களாம்.

"எடுத்த பிறகு தண்ணியைத் திருப்பி விடுகினமோ?"

அவர் தலையை இல்லையென்று ஆட்டினார். கார் ஓடுகிற ஆட்கள் எல்லாரும் சேர்ந்து அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்களாம். தானும் கையெழுத்து வைத்தாராம்.

நாங்களும் உப்பளத்தில் எடுத்தோம்தான். ஆனால் ஒவ்வொரு வருசமும் கடலைத் திறந்து உள்ளே விட்டோம். அந்த வெளிக்குக் கடல் இல்லை. இருந்ததை இழுத்தால் இழுத்ததுதான். நம்பி விட்ட நிலத்தை அடியால் உறிஞ்சிவிட்டு மேலே வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று சொல்கிறவனை என்னவென்று சொல்வது? எனக்குக் கோபம் வந்தது. யாருடையதோ உப்பு, எனக்கென்ன என்று இருக்க முடியவில்லை.

தொண்ணூறு பிறந்து கொஞ்சக் காலத்தில் மகனின் எஞ்சின் முடிந்தது. அஞ்சு வருசச் சனிக்கிழமைகள் அதற்குள் கிடந்தன. ஆனி மாதமே காரைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். வெள்ளைக்காரர் வெளிக்கிட ஒரு கிழமை இருக்கும்போது, அங்கே இருந்த அவருடைய சிநேகிதர் அந்த வருசத்துப் பாளத்தைப் பார்சலில் அனுப்பியிருந்தார். அவர் அதை நேரே எங்கள் குசினிக்குக் கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டபடி என் முகத்தையே பார்த்தார்.

ஒரு விரல் தடிப்பு. ரெண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். அப்பளம் போல முறிந்தது. இவ்வளவு தூரம் வந்தும் கீழ்ச்சேறு காயவில்லை.

நான் மகனுக்குச் சொன்னேன்: "வடிவாச் சொல்லு. மேலை வெள்ளை, கீழை சேறு. ஆக்கள் நடக்கலாம். உந்தப் பாரம் அந்த வேகத்திலை போனால் பாளம் உடைஞ்சு சில்லு இறங்கும். இந்த வருசம் ஓட வேண்டாம் எண்டு நான் சொன்னதாச் சொல்லு."

மகன் அவரைப் பார்த்து ஏதோ சொன்னான். நாலைந்து சொல்தான் இருக்கும். இங்கிலீசு சிக்கனமான பாஷை என்று நினைத்தேன். வெள்ளைக்காரரின் முகம் மலர்ந்தது. என் கையை ரெண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். இந்தச் சனம் கெட்ட செய்திக்கும் தாங்யூ சொல்லுகிற சனம், ஆகையால் அதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஆனாலும் அவர் பெட்டி கட்டுகிறார் என்று கண்டபோது மகனைக் கேட்டேன்.

"அவர் ஓடப் போகேல்லை அம்மா. கார் முதலே போயிட்டுதெல்லே, அதைத் திருப்பிக் கொண்டு வர ஆள் வேணும். மற்ற ஆக்களையும் பாத்துப்போட்டு வருவார்."

நம்பினேன். பெற்றவள் நம்பாமல் யார் நம்புவது? வெளிக்கிட்ட காலை வாசலில் நின்று அவருடைய நெற்றியில் திருநீறு பூசி, போயிட்டு வாங்கோ என்று அனுப்பினேன். காரை ஓட்டப் போகிறவருக்குத்தான் பூசுகிறேன் என்று எனக்குத் தெரியாது.

ரெண்டு கிழமைக்குப் பிறகு போன் வந்தது. மகன் கதைத்துவிட்டு வந்து குசினிக் கதிரையில் இருந்தான்.

"பாளம் உடைஞ்சு கார் பிரண்டிட்டுதாம். அவருக்குத் தொடை எலும்பு, இடுப்பு எல்லாம் முறிஞ்சிட்டுது. உயிருக்கு ஒண்டுமில்லை." பிறகு, "எஞ்சினிலை பிழை இல்லையாம்," என்றான்.

"ஓட மாட்டார் எண்டெல்லே சொன்னனீ?"

"அங்கை போய் மனம் மாறியிருப்பார்."

அதையும் நம்பினேன். என் சொல்லைக் கேட்காமல் ஓடினாரே என்று அந்த மனுசனில்தான் எனக்குக் கோபம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரை மனதுக்குள் எத்தனை நாள் ஏசியிருப்பேன்.

கார்த்திகை மாதம் அவர் ரெண்டு தடியோடு வீட்டுக்கு வந்தார். நான் கோழி ரசம் வைத்துக்கொண்டு மகனோடு போனேன். கோபம் என்றாலும் பக்கத்து வீடு. அவர் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அதற்குள் எனக்கும் கொஞ்சம் இங்கிலீசு பிடிபட்டிருந்தது.

"நீங்கள் குட் சால்ட் என்று சொன்னீர்கள். பரவாயில்லை. எல்லாருக்கும் மிஸ்டேக் வரும். எனக்கு உங்களில் கோபம் இல்லை."

என்னை மன்னித்தார். நான் சொல்லாத ஒன்றுக்காக, இடுப்பு முறிந்த மனுசன் சிரித்த முகத்தோடு என்னை மன்னித்தார். பதினெட்டு வருசத்தில் ஒரு பாத்தியைக்கூட நான் பிழையாகச் சொன்னதில்லை.

மகனைப் பார்த்தேன். அவன் யன்னலைப் பார்த்தான்.

"அண்டைக்கு என்ன சொன்னனீ அவருக்கு?"

"அம்மா, வீட்டை போய்க் கதைப்பம்."

"இஞ்சை சொல்லு."

"வெளிக்கிடுற மனுசனுக்குப் அபசகுனமான சொல்லுச் சொல்லக்கூடாது எண்டு எனக்கு ஆர் பழக்கினது? நீங்கள்தானே. நான் வெளிக்கிடேக்கை பின்னுக்கு நிண்டு ஆரும் தும்மினாலே இருத்தி வைச்சுத் தண்ணி தாற ஆள் நீங்கள்."

"அது தும்மலுக்கு. இது சேறு."

அவன் பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: "எனக்கு அங்கை போகக் குடுத்து வைக்கேல்லை. என்ரை எஞ்சினாவது போய் ஓடட்டும் எண்டு நினைச்சன். உடையும் எண்டு நான் நினைக்கேல்லை, அம்மா."

"அப்ப நல்லது எண்டு உன்ரை வாயாலை சொல்லியிருக்கலாமே. என்ரை பேரிலை ஏன் சொன்னனீ?"

பதில் எனக்கே தெரியும். அவன் சொன்னால் அந்த மனுசன் நம்பியிருக்க மாட்டார். எஞ்சின் செய்தவன் உப்பு நல்லது என்று சொல்லாமல் வேறென்ன சொல்லுவான்? நான் சொன்னால் நம்புவார். அது தெரிந்துதான் என் பேரை எடுத்தான்.

வெள்ளைக்காரர் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போயிருக்கலாம். பிழை என்னுடையது என்றே இருக்கட்டும் என்று விட்டால் மகனுக்கு ஒரு சிநேகிதர் மிஞ்சுவார். எத்தனையோ தாய்மார் விட்டிருப்பார்கள். நான் விடவில்லை.

"ஐ சே நோ," என்றேன். "ஐ சே சால்ட் நோ குட். ஐ சே டோன்ட் கோ." மகனைக் கையால் காட்டினேன். "ஹீ நாட் டெல் யூ."

அவருடைய சிரிப்பு அப்படியே நின்று, பிறகு இல்லாமல் போனது. மகனிடம் உண்மையோ என்று ஒரே ஒரு சொல் கேட்டார். மகன் தலையைக் குனிந்தான். பிறகு அவர் கையை நீட்டினார். மகன் தன் சாவிக் கொத்திலிருந்து கராஜ் திறப்பைக் கழற்றி அந்தக் கையில் வைத்தான். எனக்கு அவர் தாங்யூ சொல்லவில்லை. ஒரு கிழவியின் பிழை என்றே இருந்திருந்தால் அவருக்கும் சுகமாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு வாயை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாது, என்ன மாமி?" என்றாள் மருமகள் அன்றைக்கு. "அவருக்கு இந்த ஊரிலை இருந்த ஒரே ஒரு சந்தோசம்."

அவள் சொன்னது பொய்யில்லை. பிறகு வந்த சனிக்கிழமைகளில் மகன் டிவிக்கு முன்னால் இருந்தான். என்னோடு தேவைக்குத்தான் பேசினான்.

வெள்ளைக்காரர் மகனோடு பிறகு கதைக்கவே இல்லை. என்னோடு மட்டும் வேலிக்கு மேலால் மெதுவாகக் கதைப்பார். சில வருசத்துக்குப் பிறகு, மாரியில் தண்ணியைத் திருப்பி வெளிக்கு விடப் போகிறார்களாம், பாளம் பழையபடி தடிக்குமா என்று கேட்டார். கனகாலம் எடுத்ததை ஒன்றிரண்டு மாரியில் கொடுத்து முடிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அதை நானே சொன்னேன்.

என்னை முழங்கால் ஒப்பரேசனுக்குக் கூப்பிட்டபோது தமிழ் சொல்லுகிற ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். லூயிஷாமிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்தாள்.

"மகன் வெளியிலை நிக்கிறாரே அம்மா. அவரைக் கூப்பிட்டிருந்தால் நீங்கள் இவ்வளவு நேரம் காத்திருக்கத் தேவையில்லையே?" என்றாள்.

"அவன் கூட்டிக்கொண்டு வருவான், கூட்டிக்கொண்டு போவான். நல்ல பிள்ளை," என்றேன். "கதைக்க நீ வா."

அவள் கதவைச் சாத்தினாள். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன் என் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.