வெள்ளத்துரை வண்டியின் பிறந்த வருஷம்

வெள்ளத்துரையின் வண்டிக்குச் சங்கரன்கோவிலில் மூன்று பெயர்கள் இருந்தன. மண்டிக்காரர்கள் 'பிக்கப்' என்பார்கள். போலீஸ்காரர்கள் 'அது' என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் வைத்த பெயரை அச்சில் போட முடியாது. முன்பக்கம் மூக்குப் பெருத்த அமெரிக்க வண்டி. பின்பக்கம் ஊர் ஆசாரி அடித்த பலகைத் தொட்டி. திருவேங்கடத்துக் கரிசலிலிருந்து வற்றலும் பருத்தியும் ஏற்றி வரும்போது, ரோட்டோரத்து ஜனங்களுக்கு முதலில் புகை தெரியும், பிறகு சத்தம் கேட்கும், வண்டி கடைசியில்தான் வரும்.

ஐம்பத்தேழாம் வருஷம், மலையாளக்கரையில் ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து ஏலத்தில் எடுத்தது. அப்போது வெள்ளத்துரைக்கு வயது இருபத்தைந்து. முருகம்மாளைக் கல்யாணம் முடித்துக் கூட்டி வந்தது அந்த வண்டியில்தான். அவர் அப்பாவின் கடைசிப் பயணமும் அந்தத் தொட்டியில்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவருக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாது.

எண்பத்து நாலு தை மாதம் சோதனை வந்தது. எப்.சி. புதுப்பிக்க ஆர்.சி. புக் வேண்டுமென்று டிரங்குப் பெட்டியைத் திறந்தார். புக் இருந்த இடத்தில் கறையான் கட்டிய மண் இருந்தது. புற்றுமண்ணைக் கோவிலில் கொடுத்தால் நெற்றியில் பூசிக்கொள்ளலாம். டிரங்குப் பெட்டியில் கிடைத்தால் எங்கே பூசுவது?

வண்டி இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "இது திருவிதாங்கூர் காலத்து நம்பர். அந்தப் பேரேடு இங்க கிடையாது. எந்த வருஷத்து வண்டி, எதெல்லாம் அசல் பாகம்னு ஒரு மெக்கானிக் கையெழுத்தோட எழுதிக் கொண்டாரும். சேஸ் நம்பர் மேல பேப்பரை வச்சு, பென்சிலால தேய்ச்சு எடுத்துட்டு வாரும். மாசி ஒண்ணாந்தேதிக்குள்ள வரலேன்னா வண்டியைக் காயலான் கடையில விட்டுரும். ரோட்டுல விடக் கூடாது."

வண்டி நின்றால் தானும் நின்றுபோவோம் என்பது வெள்ளத்துரைக்கு யாரும் சொல்லாமலே தெரியும். நேரே பீர் மைதீன் ஷெட்டுக்கு ஓட்டிப் போனார். பீர் மைதீன் கடையநல்லூர்க்காரர். முப்பது வருஷமாக வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, வானத்தைவிட கியர்பாக்ஸை அதிகம் பார்த்த மனுஷர்.

"அசலுக்கு வட்டம், அயலுக்குப் பெருக்கல்" என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவர் வண்டியைச் சுற்றினார். எஞ்சின், அறுபத்தாறில் போட்ட டீசல் எஞ்சின்: பெருக்கல். கியர்பாக்ஸ், நொறுங்கிப்போன ஒரு பஸ்ஸிலிருந்து வந்தது: பெருக்கல். பின் அச்சு பட்டாளத்து ஏலம். முன் விளக்குகளில் ஒன்று மதுரை, ஒன்று தென்காசி, அதனால்தான் ஒன்று ரோட்டையும் மற்றது பனைமரத்தையும் பார்க்கிறது. கணக்குப் பரீட்சையில் நாலு பேர் பேப்பரைப் பார்த்து எழுதியவன் விடைத்தாள் மாதிரி இருந்தது வண்டி.

கதவருகே வந்ததும் பீர் மைதீன் நின்றுவிட்டார்.

"வே, வலப்பக்கக் கதவுல முக்கோணக் கண்ணாடி இருக்கு. இடப்பக்கத்துல இல்ல. முக்கோணம் வந்ததே அம்பத்தொண்ணுலதான். எதுவே அசலு?"

"இடது. வலதுக் கதவு கரிவலம் பாலத்துல முட்டுன பொறவு வாங்கிப் போட்டது."

"அப்பம் வண்டி அம்பத்தொண்ணுக்கு முந்தி. பாத்தீரா, வருசம் சிக்கிட்டு!" இடக் கதவில் ஒரு பெரிய வட்டம் விழுந்தது. வெள்ளத்துரைக்கு ஒரு நிமிஷம், தனக்கே ஜாதகம் கிடைத்த மாதிரி இருந்தது.

அந்த ஒரு நிமிஷத்தோடு சரி. பீர் மைதீன் சேஸ் நம்பரைத் தேடி அடியில் நுழைந்தார். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கனமான இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் அடித்திருந்தது.

"எந்தப் படுபாவிவே நம்பர் மேல பத்தவச்சது?"

"நீருதான் பாய்."

அடியில் ஸ்பானரால் வெல்டிங்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வேலை சுத்தமாத்தான் இருக்கு. அறுத்தா நம்பரும் சேந்துல்லா போயிரும்" என்று ஒரு குரல் வந்தது.

வெளியே வந்து கதவுத் தூணைத் துணியால் துடைத்தார். அங்கே இரண்டு ரிவெட் ஓட்டைகள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் படாத இடம்.

"கம்பெனித் தகடு இங்கன இருந்திருக்கு. பித்தளை. சேஸ் நம்பர் அதுலயும் அடிச்சிருப்பான். அது இருந்தாப் போதும்லா! எங்கவே?"

வெள்ளத்துரை தலையைக் குனிந்துகொண்டார். பதினாறு வருஷத்துக்கு முன் நடந்தது அது. மூன்று வயது மகள் பூமாரி வண்டிக்குள் விளையாடிக்கொண்டிருந்தபோது, வற்றல் சாக்கோடு ஏறி வந்த கட்டுவிரியன் கடித்துவிட்டது. பிள்ளை இரண்டு நாள் கண் திறக்கவில்லை. பிழைத்தால் அம்மனுக்குப் பாம்பு உருவம் போடுவதாக நேர்ந்துகொண்டார். அந்த உருவத் தகடுகள் கோவில் வாசலில் தட்டுத் தட்டாக விற்கின்றன. எல்லாரும் வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். அவரும் வாங்கியிருக்கலாம். ஆனால் வண்டியில் ஏறி வந்த விஷம் வண்டியிலிருந்தே போக வேண்டும் என்று அவருக்குப் பட்டது. தகட்டை நெம்பி எடுத்து, பித்தளை வேலை செய்யும் கன்னானிடம் கொடுத்து, பாம்பாக வெட்டி வாங்கி, பிள்ளை எழுந்து உட்கார்ந்த அன்றே உண்டியலில் போட்டுவிட்டார்.

"நம்பரு பாம்பு வயித்துல இருந்துச்சு பாய்."

"உண்டியல்ல விழுந்த உருவமெல்லாம் எப்பமோ உருகியிருக்கும்." பீர் மைதீன் பீடியைக் கீழே போட்டார். "நம்பர் நெனைவு இருக்கா?"

பாதிதான் இருந்தது. சீட்டுக்கு அடியில் கிடந்த ஒரு பழைய இன்சூரன்ஸ் ரசீதில் முழு நம்பரும் இருந்தது. பீர் மைதீன் முகம் மலர்ந்தது. "பொறவென்ன! ரசீதை ஆபீஸ்ல ஏத்துக்கிட மாட்டாவ, நம்பரைத் தேய்ச்சுல்லா காட்டணும். புதுத் தகட்டுல அடிச்சு ரிவெட் போட்டுருதேன். கள்ள நம்பர் இல்லலா, உள்ள நம்பர்தான. யாருக்குவே பாவம்?"

பித்தளைத் துண்டு வந்தது, நம்பர் பஞ்ச் பெட்டி வந்தது. சுத்தியல் விழுந்தது. முதல் எண் பதிந்தது. இரண்டாவது எண்ணுக்குச் சுத்தியல் உயரும்போது வெள்ளத்துரை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் பாய்."

"என்னவே?"

"பூமாரி எட்டு மாசப் புள்ளத்தாச்சி. இளையரசனேந்தல்ல மாப்ள வீட்டுல இருக்கா. குடுத்த நம்பரை எடுத்துத் திரும்ப வண்டியில ஒட்டுனா, நேந்ததைத் திருப்பிக் கேட்ட மாதிரிலா ஆயிரும்?"

"நம்பரு வேற, தகடு வேற. சாமிக்குத் தெரியாதா?"

"சாமிக்குத் தெரியும் பாய். வெஷத்துக்குத் தெரியுமா?"

பீர் மைதீனும், அவர் உம்மா ஏதோ ஒரு தர்காவுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைதான். "நேர்ச்சைன்னா நேர்ச்சைதான்" என்று சொல்லி, பஞ்சை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினார்.

மாசி ஒன்றாம் தேதி வெள்ளத்துரை இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு பேப்பரை நீட்டினார். முழுக்கப் பென்சில் கரி. நடுவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

"என்னவே இது?"

"தகடு இருந்த எடம் ஐயா."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. முழுக் கதையையும் கேட்டார். பீர் மைதீன் எழுதிக் கொடுத்த பட்டியலில் அசல் பாகங்கள் ஏழே வரி. அதையும் படித்தார். "நீரு சொல்லுதது நெசந்தான். ஆனா நான் எழுததுக்கு இதுல எடமில்ல" என்று பேப்பரை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

காயலான் கடையில் கேஸ் வைத்து அறுத்தார்கள். வெள்ளத்துரை நின்று பார்த்தார். வட்டம் போட்டதும் பெருக்கல் போட்டதும் ஒரே மாதிரிதான் அறுபட்டன. வீட்டுக்கு வந்து, "முடிஞ்சிட்டு" என்றார். முருகம்மாள், "சாப்பிட வாறீயளா?" என்று மட்டும் கேட்டாள். அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் மண்டியில் மூட்டை ஏற்றப் போனார். யாரோ ஒரு இளந்தாரியின் புது மெட்டடார் வேன். "பெருசு, முன்னால எடமில்ல, பின்னால ஏறிக்கிடும்" என்பான். ஏறிக்கொள்வார். முதுகு முன்னால் போக, ஊர் கண்ணெதிரே விலகிப் போவதை அந்த வயதில்தான் பார்த்தார்.

பங்குனியில் பூமாரிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. வெள்ளத்துரை இரண்டு பஸ் மாறி இளையரசனேந்தல் போனார். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். அது நன்றாகக் கை காலை உதைத்தது.

"வண்டி எங்கப்பா? பஸ்ஸுலயா வந்தீய?"

"வித்துட்டேன் மக்கா. நல்ல ஆளு ஒருத்தன் கேட்டான்."

"நல்லதாப் போச்சு. என்னைக்குன்னாலும் அந்தச் சனியனால நமக்கு என்ன நல்லது நடந்துச்சு? என்னையப் பாம்பு கடிச்சதே அதுலதான."

"ஆமா" என்றார் வெள்ளத்துரை. பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மருமகனிடம் விசாரித்தார்.