வேனுக்குப் போனால் அரைப்பேர்

எங்கள் தோட்டத்துக்கு வந்த வேனை ஆம்புலன்ஸ் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அது அட்டன் டவுனில் ஒரு முதலாளியின் பழைய சாமான் வேன். வெள்ளைப் பெயிண்ட் அடித்து, பக்கவாட்டில் சிவப்புச் சிலுவை வரைந்து, றொசல்லைப் பக்கத்து மூன்று தோட்டங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு வாளி, ஒரு கம்பளி. ஐம்பதுகளின் கடைசியில் நாலு வருடம் அந்த வேனில் நோயாளிகளோடு போய்வந்தேன். அந்த வேலைக்கு என்னை யாரும் எடுக்கவில்லை. நான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள்.

பெண் நோயாளி போனால் கூடவே ஒரு பெண் போகவேண்டும் என்பது தோட்டத்தை நடத்துகிற துரையின் உத்தரவு. தோட்டத்து மருத்துவச்சி அம்மாவுக்கு நாங்கள் குடியிருக்கிற லயங்களைச் சுற்றிவரவே நேரம் போதாது. ஒருநாள் மலையில் நின்ற என்னைக் கூப்பிட்டார்கள். வாந்தி எடுக்காமல் போய்வந்தேன். அதற்குப் பிறகு எப்போதும் நான்தான்.

ஸ்ட்ரெச்சரைக் கட்டுகிற வார் அறுந்து கிடந்தது. கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். அதனால் நான் தரையில் உட்கார்ந்து, காலை வேனின் தகரத்தில் ஊன்றி, இரண்டு கையாலும் நோயாளியைப் பிடித்துக்கொள்வேன். அந்த ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் ஸ்ட்ரெச்சர் என் நெஞ்சில் வந்து இடிக்கும். ஆஸ்பத்திரியில் நானும் டிரைவரும்தான் தூக்கி இறக்கவேண்டும். திரும்பி வந்ததும் ஆற்றோரம் நிறுத்தி இரத்தம், வாந்தி எல்லாவற்றையும் கழுவவேண்டும். கழுவாத வேனைக் கொண்டுபோனால் முதலாளி டிரைவரை ஏசுவார்.

டிரைவருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஒரு ஓட்டத்துக்கு இவ்வளவு என்று முதலாளி கொடுப்பார். ஓட்டம் இல்லாத நாளில் ஒன்றுமில்லை. ஆனால் வேனை விட்டு நகரவும் கூடாது. அவர் தூங்குவது, தின்பது எல்லாம் அதற்குள்தான். "தோட்டம் மைலுக்குக் காசு குடுக்குது தங்கச்சி. டயருக்கு ஒரு வெல இருக்கு. நம்ம ரெண்டு பேருக்குந்தான் இல்ல" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

என் கதை அதைவிடக் கேவலம். தோட்டத்தில் ஒருநாள் வேலையைச் செக்ரோல் என்கிற சம்பளப் புத்தகத்தில் பதிவதைப் பேர் போடுவது என்பார்கள். சொன்ன இறாத்தல் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், முழுச் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். பத்து மணிக்கு என்னை மலையிலிருந்து இறக்கி வேனில் ஏற்றுவார்கள். பொழுது சாய்ந்து திரும்பி வந்தால் என் கூடையில் பத்து மணி வரைக்குமான கொழுந்துதான் இருக்கும். அதை நிறுத்துவிட்டு அரைப்பேர் போடுவார்கள். ஒரு பெண்ணின் உயிரைப் பிடித்துக்கொண்டு போன நேரம் வேலையே இல்லை.

பக்கத்து நிரைகளில் எடுக்கிற பெண்கள் இதைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. நான் போன நாளெல்லாம் ஆளுக்கு இரண்டு கைப்பிடி கொழுந்தை என் கூடையில் போட்டுவைப்பார்கள். கங்காணிக்குத் தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பி வெற்றிலை போடுவார். இப்படி ஒரு வருடம் எனக்கு முழுப்பேர் கிடைத்தது. என் சம்பளத்தைத் தோட்டம் கொடுக்கவில்லை, அந்தப் பெண்கள்தான் கொடுத்தார்கள்.

ஒருநாள் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குக் கங்காணிக்கு மேலே இருக்கிற கண்டாக்கையாவே வந்துவிட்டார். நான் இன்னும் வேனிலிருந்து திரும்பவில்லை. என் கூடை நிறைந்து நிற்கிறது.

"இது யாரு கூட?"

எல்லாரும் தங்கள் கூடையைக் குனிந்து பார்த்தார்களாம்.

"வேன்ல கொழுந்து மொளைக்குதோ?" என்று கேட்டு, கூடையைக் காலால் தள்ளிக் கவிழ்த்துவிட்டார். இனி யாராவது கொழுந்து போட்டால் போட்டவளுக்கும் அரைப்பேர் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து இதைக் கேட்டபோது என் ஆடையில் இரத்தம் காய்ந்திருந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். முழுப்பேர் போடாமல் இனி வேனில் ஏறுவதில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த தடவை கூப்பிட்டது ஒரு மழை நாளில். நோயாளி யார் என்று மலையை விட்டு இறங்கும்வரை எனக்குத் தெரியாது. பக்கத்து நிரையில் எடுக்கிறவள். என் கூடையில் அதிகமாகக் கொழுந்து போட்டவளும் அவள்தான். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே பார்க்க முடியாது என்று மருத்துவச்சி அம்மா சொல்லிவிட்டார். அவளை வேனில் ஏற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. கண்டாக்கையா குடை பிடித்து நின்றார்.

"ஏறு, ஏறு, நேரமாகுது."

"முழுப்பேர் போடுங்க ஐயா, ஏறுறேன்."

"என்னது?"

"முழுப்பேர். இப்பவே எழுதுங்க."

"உள்ள ஒருத்தி கத்திக்கிட்டு கெடக்கிறா, ஒனக்குப் பேரு கேக்குதா? வேலையை நிப்பாட்டிருவேன்."

"நிப்பாட்டுங்க. அரைநாள் வேலைதானே."

அவர் என் பின்னால் இறங்கி வந்திருந்த பெண்களைப் பார்த்தார். "நீ ஏறு" என்று ஒருத்தியைக் கூப்பிட்டார்.

"எனக்கு வேனுன்னா தல சுத்துங்க ஐயா."

"நீ வா."

"நான் ரத்தத்தக் கண்டா மயங்கி விழுந்துருவேங்க. அப்பறம் ரெண்டு பேரத் தூக்கணும்."

யாரோ சிரித்தார்கள். கண்டாக்கையாவின் முகம் கறுத்தது. "நீ எடுய்யா வேன" என்று டிரைவரிடம் கத்தினார்.

டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். "பொம்பள ஆள் இல்லாம எடுக்கக்கூடாதுன்னு தொரை சொல்லியிருக்காருங்களே."

எஞ்சின் நின்றதும் உள்ளே அவள் முனகுவது நன்றாகக் கேட்டது. மழை கம்பளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏறிவிடுவேன் என்று பயம். கண்டாக்கையாவின் சட்டைப்பையில் இருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இருக்கும்.

கடைசியில் புத்தகத்தை எடுத்து எழுதினார்.

"காட்டுங்க ஐயா."

"ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"அஞ்சாம் வகுப்பு வரைக்கும்."

காட்டினார். முழுப்பேர்தான் இருந்தது. ஏறினேன்.

முதல் வளைவு தாண்டியதும் அவள் கண் திறந்தாள்.

"எழுதிட்டாரா?"

"எழுதிட்டாரு."

"முழுசாவா?"

"முழுசு."

"அப்பக் கெட்டியாப் புடிடி. அரைப்பேருக்குப் புடிக்கிற மாதிரி புடிக்காத."

ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நகத்தைப் பதித்துக்கொண்டு வந்தாள். அறுத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. இரண்டு பேரும் பிழைத்தார்கள். அங்கே ஒரு நர்ஸ், ஏன் இவ்வளவு தாமதம் என்று சிங்களத்தில் கேட்டார். மழை என்றேன். அது பொய்.

அதற்குப் பிறகு வேனில் போகிறவளுக்கு முழுப்பேர் போடுவது வழக்கமாகிவிட்டது. எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ஆனால் போட்டார்கள். முழுப்பேர் என்றதும் தலை சுற்றுகிறவளும் மயங்கி விழுகிறவளும் முறை வைத்துக்கொண்டு போனார்கள். அது எனக்குச் சந்தோஷம்தான்.

டிரைவர்தான் போய்விட்டார். அடுத்த வாரம் வேறு ஆள் வந்தான். எஞ்சினை நிறுத்திய விஷயம் முதலாளி காதுக்குப் போயிருக்கிறது. எங்களுக்காவது ஒரு செக்ரோல் இருந்தது, கண்டாக்கையாவிடம் எழுது என்று கேட்க முடிந்தது. டிரைவர் பேரை எழுத ஒரு புத்தகமே இல்லை. யாரிடம் போய்க் கேட்பார்? அவருக்காக நாங்களும் போய் நிற்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

பிள்ளை பெற்றவளிடம் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பிள்ளை தலை நின்ற பிறகு ஒருநாள் லயத்துப் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றோம். அவள் குடத்தை வைத்துவிட்டுத் திடீரென்று கேட்டாள்.

"அன்னைக்கு அவரு எழுதாம இருந்திருந்தா?"

"ஏறித்தான் இருப்பேன்."

"பொய் சொல்லாதடி. நான் படுத்துக்கிட்டே பாத்தேன். ஒன் காலு ரெண்டும் தரையிலதான் இருந்துச்சு."

"ஆமா" என்றேன். வலியைப் பேரம் பேசினேன். அது என் வலிகூட இல்லை. அப்படிப் பேசினால்தான் கிடைக்கும் என்று வைத்திருந்தவர்கள் குடை பிடித்து நின்றார்கள். நானும் அவளும் நனைந்தோம். இவ்வளவும் அவளிடம் சொல்லவேண்டும் போல இருந்தது.

குடம் நிறைந்து வழிந்தது. அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.

"புடி. நான் குடத்தத் தூக்கணும்."

வாங்கிக்கொண்டேன்.