அந்தமானில் கடலுக்குப் போகாத பத்து நாள்

எங்கள் குடும்பம் அந்தமானுக்குப் போன கோடையில் நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். போனோம் என்பது அப்பாவின் ஆபீஸ் காகிதத்தில் இருக்கிறது. உண்மையில் அந்தப் பத்து நாளும் பூனாவில், விஷ்ராந்த்வாடியின் வரிசை வீடுகளில் ஒன்றில், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தோம்.

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு நாலு வருஷத்துக்கு ஒருமுறை எல்டிசி உண்டு. குடும்பத்தோடு தூரமாக எங்காவது போய்வரலாம், செலவு ஆபீஸ் தலையில். அப்பா அந்தப் பணத்தை முன்கூட்டியே வாங்கி ஊரில் அத்தை கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார். டிக்கெட், ரசீது எல்லாம் தோது பண்ணித் தர ஒரு ஏஜெண்ட் இருந்தான். பாக்கி ஒன்றுதான். பத்து நாள் யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் விசாரணை, வேலை போய்விடும். எங்கள் வரிசையிலேயே அப்பாவின் ஆபீஸ்காரர்கள் மூன்று பேர் குடியிருந்தார்கள்.

பட்டப்பகலில் பெட்டிகளோடு ஆட்டோ ஏறி எல்லாருக்கும் கையாட்டினோம். முன்கதவில் பூட்டு தொங்கியது. ஸ்டேஷனில் பொழுதைப் போக்கிவிட்டு, தெரு அடங்கியபின் பின்சந்து வழியாக வந்து, வெறுமனே சாத்தி வைத்திருந்த கொல்லைக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தோம்.

மறுநாள் காலையிலேயே அப்பா பாடம் ஆரம்பித்தார். கையில் ஒரு டூரிஸ்ட் புத்தகம்.

“நம்ம நாலு பேரும் கறுக்கல. சிப்பி கிடையாது, மணலு கிடையாது. அதனால நாம கடலு பக்கமே போகல. அம்மைக்குத் தண்ணியில கண்டம்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. கேட்டா அதைச் சொல்லணும், என்ன?”

“எனக்கு ஒரு கண்டமும் இல்ல. என் கண்டம் இங்க உக்காந்து பாடம் நடத்துது,” என்றாள் அம்மா.

கடலை விட்டால் அந்தத் தீவில் என்னென்ன உண்டோ அத்தனையையும் மனப்பாடம் செய்தோம். ஜெயில், மரம் அறுக்கும் மில், மியூசியம், சேறு கொப்பளிக்கும் மேடு, வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாக்கள், அவற்றின் சுவரைப் பிளந்து இறங்கிய வேர்கள், சுண்ணாம்புக் குகை. “ஏட்டி, குகைக்குள்ள எப்படி இருந்துச்சு?” என்று அப்பா கிசுகிசுப்பார். “இருட்டா, ஈரமா இருந்துச்சு,” என்று நானும் கிசுகிசுப்பேன். ஆறு வயது தங்கைக்கு மட்டும் இது விளையாட்டாகவே இல்லை. நடையில் நின்று சுவரைத் தடவிப் பார்த்து, “இங்க ஈரமா இருக்கு,” என்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது. மே மாசத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

குக்கர் வைக்கக்கூடாது, விசில் கேட்கும். தாளிக்கக்கூடாது, வாசனை போகும். பால்காரரிடம் பத்து நாளைக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டதால் தயிரும் இல்லை. கக்கூஸில் தண்ணீரைச் சுவரோரமாகச் சத்தமில்லாமல் விடவேண்டும். மத்தியான வெயிலில் தெருவே செத்துக்கிடக்கும்போது நாலு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் எங்கள் வாசல் படியில் உட்கார்ந்து எங்களைப் பற்றியே பேசினார்கள். நாங்கள் இல்லாத தெரு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அடுத்த வீட்டுக் காகு வருவார். காகு என்றால் மராத்தியில் சித்தி மாதிரி. தனிக்கட்டை. தங்கை என்றால் அவருக்கு உயிர். மடியில் வைத்து ஊட்டினால்தான் அவருக்கே சாப்பாடு இறங்கும். எங்கள் கொல்லைத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக அவரே ஏற்றுக்கொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் வளையல் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் தங்கை கதவில் கன்னத்தை வைத்து நிற்பாள்.

நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. “பிள்ளைக்கு உடம்பு கொதிக்கு. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்லுவாங்க, உங்க புளுகு நாலு நாளுகூடத் தாங்கல. கதவைத் திறங்க,” என்றாள் அம்மா. அப்பா திறக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். இருட்டியபின் பின்பக்கமாகப் போய், தன்னை யாருக்கும் தெரியாத ஹடப்சர் வரைக்கும் பஸ்ஸில் போய் மாத்திரை வாங்கி வந்தார். எனக்கு இப்போதும் அவர் மேல் கோபம் வருகிறது.

ஐந்தாம் நாள் காகு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தங்கை படுக்கையிலிருந்து “காகூ” என்று கத்திவிட்டாள்.

தண்ணீர் நின்றது.

“கோண் ஆஹே?” யாரது என்று கேட்டார். அம்மா தங்கையின் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்கு மேலே அந்தக் கண்கள் அம்மாவையே பார்த்தன. கதவுக்கு மிக அருகில் வந்து, மெல்லிய குரலில், “பாள், தூ ஆஹேஸ்?” என்றார் காகு. கண்ணே, நீயா? நாங்கள் அசையவில்லை. பிறகு அவர் அழுவது கேட்டது.

பூட்டின வீட்டுக்குள்ளிருந்து, தீவுக்குப் போன குழந்தையின் குரல். காகு என்ன நினைத்தார் என்று மறுநாள் மத்தியானம் புரிந்தது. கொல்லைப்படியில் ஒரு இலையை வைத்தார். “கா பாள். போட்பர் கா. மக் ஜா.” தின்னு கண்ணே, வயிறார தின்னு, அப்புறம் போயிடு. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தோம். தயிர்சாதம், அதன்மேல் குங்குமம். அந்தப் பக்கத்தில் ஆவிக்குப் படைப்பது அதுதான்.

இரண்டு நாளாக எதையும் விழுங்காதவள், “தயிர்சாதம்,” என்றாள்.

“அதைத் தொடாத,” என்றார் அப்பா. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். கதவைத் திறந்து இலையை எடுத்து, குங்குமம் பட்ட சோற்றை வழித்துப் போட்டுவிட்டு மீதியை ஊட்டினாள். தங்கை அத்தனையும் தின்றாள். காலி இலையைப் படியில் வைத்தோம். மறுநாளும் இலை வந்தது, அதற்கு மறுநாளும். காய்ச்சல் விட்டது.

பதினோராம் நாள் விடியுமுன் பின்சந்து வழியாக வெளியேறி, காலையில் பெட்டிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினோம். தெருவே கூடிக் கேட்டது. ஜெயில், மில், குகை என்று நான் கடகடவென்று ஒப்பித்தேன். தங்கை காகுவை நோக்கி ஓடினாள். காகு முதலில் அவள் பாதங்களைப் பார்த்தார். நேராக இருக்கின்றனவா, பின்னோக்கித் திரும்பியிருக்கின்றனவா என்று. பேய்க்குப் பாதம் பின்னோக்கி இருக்கும் என்பார்கள் அங்கே. பிறகு ஒரு அடி பின்னால் வைத்தார். சிரித்தார், விசாரித்தார், ஆனால் தூக்கவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் மடியில் வைக்கவில்லை. “காகுக்கு என்மேல என்ன கோவம்?” என்று தங்கை ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் பூனாவிலேயே கராடியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது காகு படுத்த படுக்கையானார். தங்கை கல்யாணமாகி வெளியூர் போயிருந்தாள். அப்பா செத்து இரண்டு வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு மராத்தியில் கேட்டார்.

“சத்தியமா சொல்லு. அன்னிக்கு உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டது நம்ம சின்னவளா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அப்பாவே இல்லை, இனி விசாரணையும் இல்லை, போக அவர் வேலையும் இல்லை. என் வாய் தன்னால் திறந்தது.

“நாங்க அப்போ அந்தமான்ல இருந்தோம் காகு.”

வெட்கம் கெட்டவள் நான்.

காகு விட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “அப்போ யார் பெத்த குழந்தையோ, பாவம். இத்தனை வருஷமா அமாவாசைக்கு அமாவாசை வைக்கிறேன். எனக்கப்புறம் அதுக்கு யார் சோறு வைப்பா?”

“நான் வைக்கிறேன்,” என்றேன்.

வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தங்கையிடம் சொல்லவில்லை.