மிஷினுக்கு ஒரு நாள் லீவு

பீன்யா தொழிற்பேட்டையில் இரண்டு ஷெட். ஈஜிபுராவில் மூன்று மாடி வீடு. அதன் கதவு, கிரில், மாடிப்படிக் கம்பி எல்லாம் என் கையால் வெல்டிங் வைத்தவை. நாற்பது பேருக்கு வேலை. இந்த ஊரில் எத்தனையோ ஆய்வகங்களில் இருக்கிற மேசையும் கழுவும் தொட்டியும் என் பட்டறையில் மடித்த தகடுதான். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் இதையெல்லாம் செய்தேன். கூடப் பிறந்தவர்கள் இல்லை, ஊரில் நிலம் இல்லை, சிபாரிசு சொல்ல ஒரு ஆள் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கேட்கிறவர்கள் எனக்கு முன்பே அலுத்துவிட்டார்கள்.

ஆனால் என் முதல் பெரிய காரியம் தகட்டில் செய்ததல்ல. ஒன்பது வயதில் ஒரு கோழியை வைத்துக்கொண்டு செய்தது. அதைத்தான் இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

போன மாதம் பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தில் பொதுமக்களுக்கான சொற்பொழிவு நாள். அரங்கத்து நாற்காலிகளின் சட்டம் நான் அடித்தது என்பதால் எனக்கும் அழைப்பு வந்தது. மூட்டுவலியோடு போய் உட்கார்ந்தேன். திரையில் ஒரு பழைய மரப்பெட்டியின் படம் வந்தது. மேடையில் இருந்த பெண், இங்கே நடந்த முதல் பொதுச் சொற்பொழிவில் இந்த இயந்திரம்தான் மக்கள் கண் முன்னால் குஞ்சு பொரித்துக் காட்டியது என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன். மைக் கொண்டுவந்த பையன், “கேள்வி மட்டும் அங்கிள், ஷார்ட்டா” என்றான். “அந்தப் பெட்டி குஞ்சு பொரிக்கலப்பா” என்று நான் ஆரம்பித்ததுமே மைக் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. சிரமப்பட்டு எழுந்தவன், மறுபடி சிரமப்பட்டு உட்கார்ந்தேன்.

வெளியே வரும்போது ஒரு தாளைக் கொடுத்தார்கள். நிலையத்தின் பழைய கதைகளைப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம், நினைவுகள் இருந்தால் எழுதி அனுப்பலாமாம். இதோ எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் அடுகோடியில் ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா அந்த நிலையத்தில் தினக்கூலி அட்டெண்டர். அம்மா ஆறேழு கோழி வளர்த்தாள். அங்கிருந்த புரொபசர் ஒருவருக்கு ஒரு ஆசை. கேட்டுக்கு வெளியே கடலை விற்கிறவனும் உள்ளே வந்து ஆராய்ச்சி என்றால் என்னவென்று பார்க்க வேண்டும். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறந்துவிடுவதாக ஏற்பாடு செய்தார். அவருக்கு மேலே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆராய்ச்சி நிலையம் என்ன சந்தைக்கடையா என்று கேட்டார்களாம். இவர் விடவில்லை. அன்று சாயங்காலம் மேடையிலேயே முட்டை உடைந்து குஞ்சு வெளியே வரும் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டார்.

கடை முட்டை குஞ்சு பொரிக்காது, சேவலோடு வளர்ந்த கோழியின் முட்டை வேண்டும். அம்மாவின் முட்டைகள் பன்னிரண்டு போயின. இருபத்தொரு நாள் கணக்குப் பார்த்து மரப்பெட்டிக்குள் வைத்தார்கள். உள்ளே பல்புகள், ஒரு தெர்மாமீட்டர். இன்குபேட்டர் என்பார்கள், அப்பாவுக்கு அது மிஷின். முட்டைகளைத் திருப்பிவிடுவதும் சூட்டைப் பார்ப்பதும் அவர் வேலை. கூட்டம் நல்லபடியாக முடிந்தால் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி எழுதுவதாகப் புரொபசர் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா அந்த மூன்று வாரமும் முட்டையைப் பற்றித்தான் பேசினார். சோறு தின்னும்போதும் பேசினார்.

ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆயுதபூஜை. நிலையம் மூடியிருந்தது. புரொபசர் தசராவுக்கு மைசூர் போய்விட்டார். அப்பா மட்டும் காலையில் போய்விட்டு, மதியம் நெற்றி நிறையக் குங்குமமும் கை நிறையப் பொரியுமாகத் திரும்பினார்.

“மிஷினுக்குப் பொட்டு வச்சி, மாலை போட்டு, பூசணிக்கா ஒடச்சேன்” என்றார் அம்மாவிடம். “மஞ்சத் தண்ணி தெளிச்சி, கும்பிட்டு, சுவிச்ச நிறுத்திட்டு வந்துட்டேன். நாளைக்குப் பூசை முடிச்சிட்டுத்தான் போடணும்.”

அம்மா பொரியை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

“இன்னாய்யா சொல்ற? அடை முட்டைய ஆறப் போட்டுட்டா வந்து நிக்கிற?”

“இன்னிக்கி எந்தத் தொழில்காரன் மிஷின் ஓட்டுறான்? மூணு வாரமா ராப்பகலா எரியுதே, அதுக்கு ஒரு நாளு லீவு வேணாமா?”

“மிஷினுக்கு லீவு வுடுய்யா. உள்ள கீற குஞ்சுக்கு யாரு லீவு வுட்டது?”

அப்பாவின் முகத்தில் குங்குமத்தைத் தவிர வேறு நிறம் இல்லாமல் போனது. மூவரும் பஸ் பிடித்து ஓடினோம். அப்பா மிஷினிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார். படார் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. தெளித்த மஞ்சள் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. எலெக்ட்ரீஷியன் சனிக்கிழமை வரை லீவு. கடைகளெல்லாம் வாழைக்கன்று கட்டிச் சாத்தியிருந்தன. அம்மா முட்டைகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முந்தானையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். “போச்சி. பர்மனென்ட்டு போச்சி. தினக்கூலியும் போச்சி” என்றார்.

அப்போதுதான் நான் சொன்னேன். “நம்ம புள்ளிக்கோழிய எட்தாந்தா இன்னா?”

வீட்டில் ஒரு புள்ளிக்கோழி அடைக்கு வந்திருந்தது. வைக்க முட்டை இல்லை, எல்லாம் நிலையத்துக்குப் போயாயிற்று. அடை தெளியட்டும் என்று அம்மா அதைத் தினமும் தண்ணீரில் முக்கிக் கூடையால் மூடி வைத்திருந்தாள். அது அப்போதும் தெளியாமல், வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டு கிட்டப்போனவர்களைக் கொத்தியது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஓடு” என்றாள்.

ஓடினேன். பையில் போட்டு, மேலே துண்டைச் சுற்றி பஸ்ஸில் வந்தேன். அது பையிலிருந்து தலையை நீட்டியது. கண்டக்டர், “ஏன்டா, இதுவும் பூஜைக்கா?” என்றார். கோழியின் கழுத்தை உள்ளே அழுத்தினேன். கை முழுக்கக் கொத்து.

கண்ணாடிக் குப்பிகள் கழுவும் அறையில், ஒரு கூடையில் வைக்கோல் போட்டு முட்டைகளை வைத்தோம். கோழி சுற்றி வந்தது. ஒரு காலை வைத்தது. பிறகு இறக்கையை விரித்து அத்தனையையும் அடியில் இழுத்துக்கொண்டு கண்ணை மூடியது. அப்பா அதைக் கும்பிட்டார். மிஷினைக் கும்பிட்ட அதே கும்பிடுதான்.

வெள்ளி சாயங்காலமும் சனி முழுவதும் நான் அந்த அறையை விட்டு அசையவில்லை. தவிடு, தண்ணீர் எல்லாம் என் கையால்தான். ஞாயிறு காலை எலெக்ட்ரீஷியனை வீட்டிலிருந்தே இழுத்துவந்து அப்பா பெட்டியைச் சரிசெய்தார். முட்டைகளில் விரிசல் கண்டிருந்தது. உள்ளிருந்து கீச் சத்தம். அவற்றைப் பெட்டிக்கு மாற்றி முடிக்கவும் புரொபசர் கார் வரவும் சரியாக இருந்தது. கோழியை வெளியே கொண்டுபோக வழியில்லை. “சத்தம் வராம பாத்துக்கடா” என்று அப்பா என்னை அதனோடு வைத்து அறையைச் சாத்தினார்.

அந்த அறைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அதன் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கூட்டம் நெரிந்தது. கடலைக்காரர் முன்வரிசையில் இருந்தார். புரொபசர் கன்னடத்தில் நன்றாகப் பேசினார். தாய்க்கோழியே வேண்டாம், சரியான சூடு இருந்தால் போதும், உயிர் தானே வழி பண்ணிக்கொள்ளும் என்று சொல்லி, கண்ணாடித் தட்டை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். ஓடு பிளந்து ஈரத் தலை ஒன்று வெளியே வந்தது. கீச் கீச் என்றது.

என் கையில் இருந்த கோழிக்கு அது கேட்டுவிட்டது. கொக் கொக் கொக் என்று ஆரம்பித்தது. வாயைப் பொத்தினால் கொத்தியது. துண்டைப் போட்டால் உதறியது. அரங்கம் முழுக்க அது கூப்பிடுவதும் குஞ்சு பதில் சொல்வதும் கேட்டன.

முன்வரிசைக் கடலைக்காரர் எழுந்தார். “இன்னா சார், தாய்க்கோழி வேணாம்ன்னீங்க, அது சண்டைக்கு வருதே!”

ஒரே சிரிப்பு. புரொபசர் ஒரு நிமிடம் பலகைத் தடுப்பையே பார்த்தார். பிறகு, “பக்கத்து அறையில் வேறொரு ஆராய்ச்சி நடக்கிறது” என்றார். மறுபடியும் சிரிப்பு, கைதட்டல். பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருந்த வரிசைகூடச் சிரித்தது.

எல்லாம் முடிந்ததும் கதவு திறந்தது. புரொபசர் நின்றார். அவருக்குப் பின்னால் அப்பா, உடம்பெல்லாம் வேர்வை.

“யார் கோழி இது?” என்று புரொபசர் கேட்டார்.

“எங்க அம்மாது சார். ரெண்டு நாளா இதுதான் சார் அடை காத்துச்சி. நான்தான் சார் எட்தாந்தேன். ஐடியாவே என்னுதுதான்.”

அப்பா கண்களை மூடிக்கொண்டார். என்னை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போவார் என்று நினைத்து நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன். புரொபசர் என் கைகளில் இருந்த கொத்துக் காயங்களைப் பார்த்தார். அப்பாவிடம் திரும்பி, “அடுத்த வருஷமும் பூஜை பண்ணு. சுவிட்சைத் தொடாதே” என்றார். என்னிடம், “கோழியை வீட்டுக்குக் கொண்டுபோ. பின் கேட் வழியாகப் போ” என்றார். அவ்வளவுதான்.

அப்பாவோடு நடந்த வழியெல்லாம் அழுதேன். “நான்தானே நைனா சொன்னேன்?”

“சொன்ன. வாய மூடிக்கினு நட.”

மறுநாள் அப்பா ஒரு கூடையைக் கொண்டுவந்தார். பொரித்த ஒன்பது குஞ்சுகளும் அதில் இருந்தன. புரொபசர் கொடுத்தனுப்பினாராம். புள்ளிக்கோழி அவற்றை இறக்கைக்குள் வாங்கிக்கொண்டது. அம்மா அழுதாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியது மேடை. நான்கு நாள் அப்பாவோடு பேசவில்லை.

அந்தக் கூடைதான் புரொபசரால் சொல்ல முடிந்த நன்றி என்று அன்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்திருந்தால் அப்பாவுக்கு வேலை போயிருக்கும், புரொபசரை இரண்டாம் முறை அந்தக் கேட்டைத் திறக்க விட்டிருக்க மாட்டார்கள் என்பதும் தெரியாது. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் இரண்டு பேரும் நின்றதை, என்னை ஏமாற்ற நின்றதாகவே வெகுகாலம் நினைத்திருந்தேன். அடுத்த மாதம் அப்பாவுக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். ஒருநாள்கூட இதைப் பேசவில்லை.

இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை, புரொபசரும் இல்லை. போவதற்கு யாருடைய வேலையும் மிச்சமில்லை. நிலையத்தாரே, அந்தப் படத்தின் கீழே இருக்கிற வரியைத் திருத்துங்கள். கடைசி இரண்டு நாள் சூடு கொடுத்தது அடுகோடியிலிருந்து வந்த ஒரு புள்ளிக்கோழி என்று எழுதுங்கள். முட்டையும் கோழியும் கொடுத்தவள் பெயர், மிஷினைக் கும்பிட்டவர் பெயர் இரண்டையும் போடுங்கள். கோழியைக் கொண்டுவரலாம் என்று சொன்னவன் பெயர் கடைசியில் வந்தாலும் பரவாயில்லை. ஆனால் வர வேண்டும்.