தவிட்டுக்கு விற்ற பிள்ளை

கரமனை ஆற்றுக்குத் தெற்கே, நேமம் போகிற வழியில் வேலாயுதனுக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. பெரிய சொத்து இல்லை. ஆனால் வண்டல் மண், போட்டதெல்லாம் பொலியும். அவன் பெண்டாட்டி பொன்னம்மையை ஊரில் ஆம்பளைக்குச் சமம் என்பார்கள். நாற்று நடும்போது காலடியில் வந்த நல்லபாம்பை மம்பட்டியால் வெட்டி வரப்பில் எறிந்துவிட்டு, மிச்ச நாற்றையும் நட்டுவிட்டுத்தான் கரையேறினாள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு வார்த்தைக்கு நடுங்கினாள். மகன் என்ற வார்த்தைக்கு.

நடுங்காமல் என்ன செய்வாள்? மூன்று ஆண்பிள்ளை பெற்றாள், மூன்றும் பால்குடி மறக்குமுன் போய்ச் சேர்ந்தன. நாலாவது பிறந்ததும் அதை ஒரு பழைய முறத்தில் கிடத்திப் பக்கத்துத் தென்னை விளைக்காரி எலிசாளிடம் கொண்டுபோனாள். ஒரு முறம் தவிடு கொடு, இதை எடுத்துக்கொள் என்றாள். வழக்கம்தான் அது. எமன் வாசலில் வந்து நின்றால், எங்களுக்கு ஏது பிள்ளை, அது அவள் வாங்கினதல்லவா என்று கைவிரித்துவிடலாம். எலிசாள் ஞாயிறு தவறாத வேதக்காரி. பாதிரியார் காதில் விழுந்தால் என் மானம் போகும் என்று முனகிக்கொண்டே தவிட்டை அளந்தாள். பிள்ளையை ஒரு தடவை மார்போடு சேர்த்துப் பிடித்துவிட்டு, என் பிள்ளையை நீ வளர்த்துக்கொண்டு இரு என்று திருப்பிக் கொடுத்தாள். பிள்ளைக்குத் தவிட்டான் என்றே பெயர் நிலைத்தது.

மற்ற வீடுகளில் காது குத்துகிறவரைக்கும் இந்தக் கூத்தை நடத்திவிட்டு மறந்துபோவார்கள். பொன்னம்மைக்கு மறக்கத் துணிவு வரவில்லை. நாளைக்கு நிறுத்தலாம், நாளைக்கு நிறுத்தலாம் என்று தள்ளிப்போட்டே அவனுக்கு மீசை முளைத்துவிட்டது. அவளை அத்தை என்றும் வேலாயுதனை மாமா என்றுமே கூப்பிட்டு வளர்ந்தான். பெற்றவள் யார் என்று அவனுக்குத் தெரியாதா, ஊருக்கே தெரியும். தெரிந்தும் ஒரு நாள் அவளை அம்மா என்று சொல்ல விட்டாளா? காய்ச்சலில் பிதற்றியபோதுகூட வாயைப் பொத்தினாள், பாவி.

ஆனால் வயல் வேலையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. வேலாயுதனுக்கு வாதத்தில் கால் வீங்கிச் சேற்றில் இறங்க முடியாமல் போனபிறகு ஏரும் அவன்தான், மடை திறப்பதும் அவன்தான். யுத்தம் வந்து சாலைக் கடைகளில் அரிசி கண்ணில் படாத வருஷத்திலும் அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. என் காலத்துக்குப் பின்னால் பங்காளிகள் வந்து வம்பு பண்ணுவார்கள், வயலை இப்போதே அவன் பேருக்கு எழுதிவிடலாம் என்று வேலாயுதன் ஆறுமுகநயினாரை வரவழைத்தான். ஆதாரப் பத்திரம் எழுதுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். எழுதியதை உரக்க வாசித்தார்: "என் மகன் தவிட்டானுக்கு…"

பொன்னம்மை அடுக்களையிலிருந்து பாய்ந்துவந்து தாளைப் பிடுங்கிக் கிழித்தாள். அந்த ஒரு சொல் இல்லாமல் எழுதுங்கள் என்று அழுதாள். ஊர்ப் பிள்ளை என்று எழுதினால் கோர்ட்டில் நிற்குமா என்று நயினார் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனார். முற்றத்தில் கலப்பையைக் கழுவிக்கொண்டிருந்த தவிட்டான் எல்லாவற்றையும் கேட்டான். அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

காலையில் துணிமூட்டையும் கையுமாகப் புறப்பட்டான். பொன்முடித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். அங்கே அட்டையும் மலைக்காய்ச்சலும். போனவர்களில் பாதிப்பேர் எலும்பும் தோலுமாகத்தான் இறங்கி வந்தார்கள். இங்கே வயல் தரிசாகக் கிடக்கும், பங்காளிகள் கயிறு பிடித்து அளந்துகொள்வார்கள். பொன்னம்மை ஓடிப்போய் நடைவரம்பில் குறுக்கே நின்றாள்.

"ஆருக்க வயலிலயோ நான் எதுக்கு அத்தே பாடுபடணும்?" என்றான் அவன். "நான் ஆருக்க பிள்ளை? அத மட்டும் உங்க வாயால சொல்லுங்க. நிக்கேன்."

சொன்னால் போய்விடுவானே என்று இத்தனை வருஷம் பயந்தாள். இப்போது சொல்லாவிட்டாலும் போகிறான். விளைக்கு அந்தப் பக்கம் எலிசாள் விறகு பொறுக்குவதை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"எனக்க பிள்ளை," என்றாள் பொன்னம்மை. குரலே எழும்பவில்லை. "நான் பெத்த பிள்ளை."

அவன் மூட்டையை அவள் கையில் திணித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினான். நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிப்போன உற்சாகத்தில், அக்கரை கேட்கும்படி கத்தினான்:

"அம்மா! மம்பட்டிய எடுத்துட்டு வா!"

எந்தத் தாய்க்கும் உடம்பு சிலிர்த்திருக்கும். பொன்னம்மை மூட்டையைப் போட்டுவிட்டுச் சேற்றில் விழுந்தடித்து ஓடினாள். அவன் வாயைக் கையால் பொத்தினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பைய," என்றாள். "பையக் கூப்பிடு, எனக்க மக்களே."