காயவிட்ட சோளம்

கிணற்றுக்காரர் என்றால்தான் அவரை ஊரில் தெரியும். சுற்றுவட்டாரத்துக் கிணறெல்லாம் வறண்டு வாயைப் பிளந்த வருடத்திலும் அவர் கிணற்றில் தண்ணீர் கிடந்தது. விழுந்து விழுந்து பாய்ச்சிச் சோளத்தைக் காப்பாற்றினார். அதற்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. வறட்சி நிவாரணம் கருகிய வயலுக்குத்தான். விதைத்ததோடு சரி, வயலைத் திரும்பியும் பார்க்காத பங்காளிக்கு அது சுளையாக வந்து சேர்ந்தது. இவர் விளைச்சலோ உரத்துக்கும் கூலிக்குமே போனது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று சும்மாவா சொன்னார்கள்!

"நீங்களும் கொஞ்சம் தூங்கிப் பாருங்கண்ணே, அரசாங்கம் படியளக்கும்" என்று பங்காளி பல்லைக் காட்டினான்.

அந்தச் சிரிப்பு அவருக்கு முள்ளாகத் தைத்தது. இந்த வருடமும் மழை ஏமாற்றியபோது, மோட்டார் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தண்ணிய வெச்சுக்கிட்டே பயிரைக் கொல்லுவீங்களா?" என்றாள் மனைவி.

"நிவாரணம் வந்தாத்தான் அடுத்த விதையும் மாட்டுத் தீவனமும். ஒரு சோளத்தட்டை பச்சையா நின்னாலும் தரமாட்டாங்க. நீ அந்தப் பக்கமே போகாத."

சோளம் முதலில் இலையைச் சுருட்டியது, பிறகு வெளுத்தது. தினமும் காலையில் போய் ஒரு தட்டையை ஒடித்துப் பார்ப்பார். அது சடக்கென்று முறிந்த அன்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுவதைப் பார்த்து மகிழ்வதுபோல ஒரு சந்தோஷம். அதை நினைத்து அவருக்கே அருவருப்பாகவும் இருந்தது.

நிவாரணக் கணக்கெடுக்கும் அதிகாரி வந்தார். வரப்பில் நடந்தபடி, "அடப் பாவமே, சுத்தமாப் போயிருச்சே" என்று உச்சுக்கொட்டினார். கிணற்றுக்காரர் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது, கொட்டகைக்குப் பின்னால் போகும்வரை. அங்கே ஒரு கட்டில் அகலத்துக்குச் சோளம் கருகருவென்று நின்றது. அடியில் மண் ஈரமாக இருந்தது.

"இது என்னங்க?"

மனைவிதான் முன்னால் வந்தாள். "நான் குடத்துல மொண்டு ஊத்தினேங்க. மாட்டுக்கு ஒரு வாய் பச்சை வேணுமேன்னு..."

"அப்போ தண்ணி இருக்கு. இருந்தும் காயவிட்டிருக்கீங்க." அதிகாரி கோபப்படக்கூட இல்லை. "இதுக்கு நிவாரணம் வராதுங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

கிணற்றுக்காரர் கையை ஓங்கினார். அவள் அசையவில்லை.

"அடிங்க. வயலையே சாகவிட்டவர் நீங்க. இத்தனூண்டைப் பொழைக்க வெச்ச நான்தானே குத்தவாளி?"

ஓங்கிய கை கீழே இறங்கியது.

அடுத்த மாதம் பங்காளி சட்டை மடிப்புக் கலையாமல் வந்தான். "நிவாரணம் வந்துருச்சுண்ணே. காய்கறி போடலாம்னு இருக்கேன். உங்க கிணறு சும்மாத்தானே கெடக்கு, இந்தப் போகத்துக்குக் குத்தகைக்கு விடுங்க. தண்ணி கட்டவும் நீங்களே வாங்க, கூலி தர்றேன். உங்களவிட்டா யாருக்கு அந்தப் பக்குவம் தெரியும்?"

அவர் தொழுவத்தின் பக்கம் திரும்பினார். அங்கே மாட்டுக்கு விலா எலும்பு தெரிந்தது. சரி என்றார்.

மறுநாள் காலை கொட்டகையைத் திறந்து மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வாய்க்காலில் பழக்கப்பட்ட வழியில் அவர் வயலை நோக்கித்தான் ஓடிவந்தது. மண்வெட்டியால் தன் மடையை அடைத்துவிட்டு, பங்காளியின் மடையை வெட்டிவிட்டார்.